நடுவில் வைத்த தட்டு

என் மகள் கிரேக்க நாட்டுக்குப் படிக்கப் போகிறாள் என்பதைச் சென்ற வைகாசியில் திண்டிவனத்தில் நான் சொல்லாத ஆள் கிடையாது. பால் போடுகிறவர், பழைய அலுவலக நண்பர்கள், மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாதவர், யாரையும் விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் அது கோடை வகுப்புதான். ஆறு வாரம். வரலாறு முதுகலை படிக்கும் வெளிநாட்டு மாணவர்களை அழைத்து, முதலில் ஏதென்ஸில் மொழியும் அருங்காட்சியகமும் காட்டிவிட்டு, பிறகு தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் ஏதாவதொரு குடும்பத்தோடு தங்கவைப்பார்கள். அவர்களோடு சமைத்து, அவர்களோடு ஆலிவ் தோப்புக்குப் போய், அவர்கள் உண்பதை உண்டு வாழ வேண்டும். மகளுடைய பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேருக்கு இடம் கிடைத்தது. இன்னொருத்தி விழுப்புரத்துப் பெண். இரண்டு வருடமாக இருவரும் ஒரே வகுப்பு. நான் அவளைப் பார்த்ததில்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். நாள், கிழமை, நான்கெல்லை இல்லாமல் எனக்கு எதுவும் மனதில் நிற்காது. எங்கள் சொந்த ஊர் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்து ஏரிகள், மதகுகள், கோயில்கள், தெருக்கள் பற்றி விசாரித்து எழுதி, சொந்தச் செலவில் ஒரு சிறு நூலாக அச்சிட்டிருக்கிறேன். கிரேக்கரைப் பற்றி நாற்பது வருடமாகப் படித்துவருகிறேன். நம் கடற்கரைக்கு வந்த யவனர்களில் தொடங்கி மகளுக்கு நான் சொன்னதெல்லாம் விமானம் ஏறும் நாள் வரை முடியவில்லை. அவள் பெட்டியில் துணியை மடித்து வைத்துக்கொண்டே "ம்" கொட்டினாள். கடைசியில், "அப்பா, அங்க போய் நான் பாத்துக்கறதுக்கும் எதுனா மிச்சம் வையி" என்றாள்.

கிராமத்துக்குப் போன முதல் வாரம் அவள் சொன்ன செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அங்கே புதிதாக ஒரு முகத்தைப் பார்த்தால் வயதானவர்கள் பெயரைக் கேட்பதில்லையாம். "நீ யாருடையவள்?" என்றுதான் கேட்பார்களாம். அப்பன் பெயர், குடும்பம், தோப்பு எது என்று தெரிந்தால்தான் அவர்களுக்கு ஆள் தெரிந்த மாதிரி. இந்த இரண்டு பெண்களையும் காப்பிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னால் அவர்களுக்கு என்ன புரியும்? தோழி தனக்குத் தெரிந்த கொஞ்சம் கிரேக்கத்தில் "என் அப்பா பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிறவர்" என்று சொல்ல, அன்றிலிருந்து அவள் ஊருக்கே கண்டக்டர் மகள். என் மகள் பத்திரக்காரர் மகள்.

"நம்ம ஊரு மாதிரியே இருக்குதுப்பா" என்றாள் மகள். நான் அதை என் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஆனி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இங்கே நாங்கள் மாலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மகள் வீடியோவில் அழைத்தாள். அங்கே அப்போதுதான் மதியச் சாப்பாடு. கைப்பேசியை ரொட்டிக்கூடையில் சாய்த்து வைத்திருந்தாள். திராட்சைக்கொடிப் பந்தலுக்குக் கீழே நீளமான மேசை. அந்த வீட்டு அம்மாள், அவருடைய கணவர், இந்த இரண்டு பெண்கள். நடுவில் ஒரு பெரிய தட்டு. அதில் தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம், மேலே வெள்ளையாக ஒரு பாலாடைக்கட்டி. நான்கு பேரும் அவரவர் முள்கரண்டியை நேராக அதற்குள் விட்டு எடுத்து வாயில் வைத்தார்கள், மறுபடி விட்டார்கள். காய் தீர்ந்து அடியில் எண்ணெயும் தக்காளிச்சாறும் தேங்கிய பிறகு, ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்துத் தின்றார்கள். அதுதான் அந்தச் சாப்பாட்டிலேயே ருசியான பாகமாம். அதற்குப் போட்டியாம்.

என் மனைவி கைப்பேசியைக் கிட்டே இழுத்தாள். "இன்னாடி இது, எல்லாரும் ஒரே தட்டுல?"

"அப்படித்தாம்மா இங்க. தனியா எடுத்து வச்சிக்கினா அந்தம்மா மூஞ்சி சுருங்கிப்போவும்."

"எச்சி இல்லியா?"

"எச்சியாவது ஒண்ணாவது. பத்து நாளா துன்னுக்கினுதான் இருக்கோம், நல்லாதான் இருக்கோம்."

அப்போது தோழி குனிந்து திரைக்குள் வந்தாள். நெற்றியில் வியர்வை, கையில் ரொட்டித்துண்டு. "ஆன்ட்டி, உங்க பொண்ணு என் பங்கையும் சேத்து தொட்டுத் துன்னுட்றா. கேஸ் போடலாம்னு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போடும்மா. நானே எழுதித் தர்றேன். உனக்கு விழுப்புரமேதானா?"

"இப்ப விழுப்புரம் அங்கிள். சொந்த ஊரு உங்க ஊருக்குப் பக்கம்தான்" என்று ஊரின் பெயரைச் சொன்னாள்.

அந்த ஊர் என் நூலில் இருக்கிறது. அதன் மதகும் பிள்ளையார் கோயிலும் எனக்கு அத்துப்படி. சந்தோஷத்தில்தான் கேட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. "அடடே, அங்க எந்தத் தெரு? ஏரிக்கரைப் பக்கமா, கோயில் பக்கமா?"

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், கல்யாணப் பந்தியில், வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம் எல்லாரும் கேட்பதுதான். ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டால் போதும். அதற்கு மேல் எதையும் வாய்விட்டுக் கேட்கத் தேவையில்லை. முப்பது வருடம் பத்திரங்களைப் பதிந்த எனக்கு அது நாக்கிலேயே ஊறிப்போயிருந்தது.

"ரெண்டும் இல்ல அங்கிள். காலனி" என்றாள் அவள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு ரொட்டியைத் தட்டில் தோய்த்தாள். அடுத்து என் மகள் அதே இடத்தில் தோய்த்தாள்.

மனைவி, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் எதுவும் இல்லை. நான் "சரிம்மா, சரிம்மா" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்லா படிக்கிறியா?" என்று கேட்டேன். அவர்கள் இருவரிடமும் அங்கத்து அகழாய்வுக் குழிகளைப் பற்றி விசாரிக்க ஆவலாகக் கேள்விகள் குறித்துவைத்திருந்தவன் நான். பிறகு, "உனக்கு ஸ்காலர்ஷிப்ல எல்லாம் வந்துடுதாம்மா?" என்றும் கேட்டேன்.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்காலர்ஷிப்தாம்பா. ஒரே லிஸ்ட்டு" என்றாள் மகள். கைப்பேசி கூடையிலிருந்து சரிந்ததா, அவள் சாய்த்தாளா தெரியவில்லை. திரையில் திராட்சை இலைகள் மட்டும் தெரிந்தன.

அன்று மாலை முழுதும் உட்கார்ந்து மகளுக்கு ஒரு நீண்ட செய்தி எழுதினேன். நான் கேட்டதில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை, காப்பிக்கடைக் கிழவர்கள் கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றுதான், பழைய கிரேக்கக் கல்வெட்டுகளிலேயே ஆளின் பெயரோடு தகப்பன் பெயரும் ஊர்ப்பிரிவும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் விளக்கியிருந்தேன். எழுதி முடித்தபோது எனக்கே அது நல்ல கட்டுரையாகப் பட்டது. மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. ஒரே வரி. "அவங்க கேட்டுட்டு சாப்புடத் தட்டு எடுத்து வைக்கிறாங்கப்பா."

ஆடி பிறந்ததும் இருவரும் ஊர் திரும்பினார்கள். அந்தப் படிப்பில் கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. அங்கே தாங்கள் கற்ற சாப்பாட்டை, அங்கே பரிமாறுகிற முறையிலேயே, சொந்த ஊரில் தங்கள் குடும்பத்தாருக்குப் பரிமாற வேண்டும். ஒரே வட்டாரத்துக்காரர்கள் சேர்ந்து செய்யலாம். அதைப் பற்றி எழுதி அனுப்பினால்தான் சான்றிதழ். எங்கள் வீட்டில்தான் அது நடக்கும் என்று மகள் கிளம்புவதற்கு முன்பே பேச்சு. புது மேசை விரிப்புகூட வாங்கிவைத்திருந்தோம்.

"அவங்க வீட்லயே வச்சிக்கலாம்னு சொல்லிட்டா" என்றாள் மகள், காலணியைக் கழற்றிக்கொண்டே.

"ஏன், இங்க இன்னா?" என்று கேட்டேன்.

"நீதான் சொல்லணும்" என்றாள்.

என் மேலிருந்த ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதை உணர்ந்த கணமே முகம் சூடாயிற்று. அன்றிலிருந்து என்னிடம் அவள் எதையும் தானாக வந்து சொல்வதை நிறுத்திவிட்டாள். கேட்டால் பதில் வரும். அவ்வளவுதான். ஒலிம்பியாவில் எதைப் பார்த்தாள் என்றுகூட நான்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பெற்ற பெண் பழைய மாதிரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் என்றால் விழுப்புரத்துக்குப் போய் அந்தத் தட்டில் சாப்பிட்டாக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மனைவி வேறு வழி பார்த்தாள். "நான் வர்றேன். வந்து உக்காந்துக்கினு வர்றேன். விரதம்னு சொல்லிட்றேன்."

"ஞாயித்துக்கிழமை இன்னா விரதம்?"

"நாள் கிழமை பாக்கறவரு நீங்கதான. பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பஞ்சாங்கத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். திங்கட்கிழமை ஆடிக் கிருத்திகை. ஞாயிறு பரணி. பரணியன்று மதியம் ஒருவேளை சாப்பிட்டுவிட்டு, இரவிலிருந்துதான் கிருத்திகை விரதம் தொடங்குவது வழக்கம். எனக்கு அது தெரியும். "கிருத்திகை வருது" என்று மட்டும் சொன்னேன். மனைவி தலையாட்டினாள்.

மகள் முதல்நாளே போய்விட்டாள். நாங்கள் காலையில் பஸ் ஏறினோம். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதால் பஸ் ஊர்ந்து போயிற்று. நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்: எப்படி இயல்பாகக் கையை நீட்டுவது, எதைப் பாராட்டுவது.

விழுப்புரத்தில் தோழியின் வீடு புதிய குடியிருப்பு ஒன்றில், வெள்ளை அடித்த மாடி வீடு. அவளுடைய அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, என்னைவிடச் சில வயது இளையவர். "வாங்க சார், வாங்கம்மா. பஸ்ஸு கூட்டமாங்களா? சொல்லியிருந்தா நம்ம வண்டியில சீட்டு போட்டு வச்சிருப்பேன்" என்று சிரித்தார். உள்ளே எங்களை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு சிறு மேசை. அதில் மூடி திறக்காத இரண்டு தண்ணீர் பாட்டில்கள், திறக்காத இரண்டு குளிர்பான பாட்டில்கள், பிரிக்காத ஒரு பிஸ்கட் பாக்கெட்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வீட்டுக் குவளை எதுவும் எங்கள் உதட்டுக்கு வர வேண்டியதில்லாதபடி எல்லாம் கடையில் மூடியது மூடியபடி வந்திருக்கிறது. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் அம்மா, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மெதுவாகச் சொன்னார்.

"இதுங்க ரெண்டும் வெள்ளைக்காரன் சாப்பாடு பண்ணிக்கினு இருக்குதுங்க. உங்களுக்குப் புடிக்குதோ இன்னமோ. ஓட்டல்ல பிரியாணி பார்சல் வாங்கியாந்து வச்சிருக்கேங்க. பிரிக்கல."

"நான் கிருத்திகைங்க" என்றாள் மனைவி.

"அப்படிங்களா. நானும் இருப்பேங்க. எனக்கு ராத்திரிலருந்துதான். நீங்க காலைலயே புடிச்சிட்டீங்களா? சரிங்க, சரிங்க. விரதத்துக்கு வாழைப்பழம் வாங்கி வச்சிருக்கேன், நீங்க சாப்புடுங்க." குரலில் குத்தல் துளியும் இல்லை. உள்ளே போய்ச் சீப்போடு எடுத்துவந்து வைத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த மகள் என்னைப் பார்த்தாள். நாள் கிழமை பார்த்துச் சொன்னது யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கூடத்தில் பாயை விரித்து நடுவில் தட்டை வைத்தார்கள். பெரிய எவர்சில்வர் தாம்பாளம். பாலாடைக்கட்டிக்குப் பதில் உப்பில் ஊறவைத்த பன்னீர், அங்கிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெய், கறுப்பு ஆலிவ் காய்கள். பக்கத்தில் பேக்கரி ரொட்டி. அவித்த வேர்க்கடலையும் ஒரு கிண்ணத்தில் இருந்தது, எங்கள் பக்கத்து மல்லாட்டை. அது கிரேக்கம் இல்லை, கண்டக்டருக்கு அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை நகராதாம்.

"ரெண்டு பேரும் ஆறு வாரம் படிச்சிட்டு வந்து வெள்ளரிக்கா நறுக்கறதுக்கு சர்டிபிகேட்டு" என்றார் அவர்.

"நீ வெங்காயத்த உரிப்பா, அப்பறம் பேசு" என்றாள் அவர் மகள்.

நான்கு பேரும் பாயில் உட்கார்ந்து தோய்த்துச் சாப்பிடத் தொடங்கியதும், நான் நாற்காலியை விட்டு எழுந்து அவர்களோடு உட்கார்ந்தேன். "எனக்குப் பார்சல் வேணாங்க. நானும் இதுலயே சாப்புட்றேன்." ஒத்திகை பார்த்த வாக்கியம்தான். ஒத்திகையைவிடச் சத்தமாக வந்துவிட்டது. ரொட்டியைப் பிய்த்துத் தாம்பாளத்தில் தோய்த்து வாயில் போட்டேன்.

கூடத்தில் எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மா நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்து, என் பக்கத்தில் நிறைய காய் இருக்கும்படி தாம்பாளத்தைத் திருப்பி வைத்தார். தான் தோய்த்துக்கொண்டிருந்த ஓரத்தில் மறுபடி கைவைக்கவில்லை. எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். நான்கு பேருக்குப் பொதுவாக இருந்த தட்டு, நான் கைவைத்ததும் எனக்கு மட்டும் ஆகிவிட்டது.

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பிறகு இன்னொரு முறையும் சொன்னேன்.

"சும்மா சாப்புடுப்பா" என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

கண்டக்டர்தான் பேச்சை மாற்றினார். "உங்க புக்கு படிச்சேன் சார். பாப்பா குடுத்துச்சி. எங்க ஊரு ஏரி, மதகு, கோயில் எல்லாம் தேதி வாரியா புட்டுப் புட்டு வச்சிருக்கீங்க. எனக்கே தெரியாதது நெறைய. எங்க பக்கம் மட்டும் நீங்க வரல போல." ஒரு மல்லாட்டையை உடைத்தார். "அடுத்த தபா வரும்போது சொல்லுங்க. நான் கூட்டிக்கினு போறேன். நல்ல ரோடு போட்டுட்டாங்க."

"கண்டிப்பா" என்றேன். அந்த ஊருக்கு மூன்று முறை போய்த் தகவல் சேர்த்தவன் நான். ஒரு முறைகூடச் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சாப்பாடு முடிந்து பெண்கள் இருவரும் படம் எடுத்தார்கள், சிரித்தார்கள், கிரேக்கத்தில் ஏதோ சொல்லி ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொண்டார்கள். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. எப்படியோ சாப்பிட்டாயிற்று, பெண் மனம் ஆறிவிடும் என்று நினைத்தேன். அப்போதுதான் மகள், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, எல்லாருக்கும் நடுவில் கேட்டாள்.

"அப்பா, அடுத்த ஞாயித்துக்கிழமை இவங்க எல்லாரையும் நம்ம வீட்டுக்கு சாப்பாட்டுக்குக் கூப்புடலாமா?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் சாப்பிட்டதைப் பார்த்து அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்க வேண்டும்.

"வாங்க" என்று ஒரு சொல் போதும். எனக்கு முன்னால் அவளுடைய முகமும், அவள் தோழியின் முகமும், அந்தக் கணவன் மனைவியும் இருந்தார்கள். நானோ திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். கண்ணிமைக்கிற நேரம்தான். மனைவி மடியிலிருந்த வாழைப்பழத் தோலைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் திரும்பியதை நான்கு பேரும் பார்த்தார்கள்.

"அதுக்கு இன்னா கண்ணு ஜல்தி" என்று அந்த அம்மா முந்திக்கொண்டார். "ஆடி மாசம் எனக்குக் கோயில் வேலையே சரியா இருக்குது. இவருக்கும் டூட்டி மாறிக்கினே கெடக்குது. அப்பறமா பாத்துக்கலாம். அம்மாவும் விரதத்துல களைச்சிப் போயிருக்காங்க, பாரு."

அவர் என்னைக் காப்பாற்றினார். என் வீட்டு வாசலில் தன்னை எப்படி நிறுத்துவது என்று நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, தன்னையே தள்ளி நிறுத்திக்கொண்டு என்னைக் காப்பாற்றினார். அந்தக் கணத்தில் நான் அவருக்கு எவ்வளவு நன்றியோடு இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "ஆமாங்க, பாத்துக்கலாம்" என்றேன். என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது.

மகள் தோழியின் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நாங்கள் கிளம்பும்போது, ரிப்போர்ட் எழுத வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்றாள். கண்டக்டர் எங்களோடு பேருந்து நிலையம் வரை வந்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பஸ் நகரும் வரை கீழே நின்றார்.

திண்டிவனத்தில் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது மனைவி, "நீங்க சாப்ட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நன்றியே எனக்கு அதிகமாக இருந்தது.

ஆடி போய் ஆவணியும் கழிந்துவிட்டது. சான்றிதழ்கள் வந்துவிட்டன. மகள் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டால் இந்த முறை உடனே சரி என்று சொல்லிவிடுவேன் என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அவள் கேட்காமலேயே நான் சொல்லலாம். கண்டக்டரின் எண் என்னிடம் இருக்கிறது. மனைவியிடம் முதலில் பேச வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் காலை பஸ்ஸில் விழுப்புரம் போய்விடுகிறாள். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வருகிறாள். மனைவி தட்டு எடுத்து வைக்கப் போனால், "வேணாம்மா, அங்கியே சாப்ட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, என் நாற்காலியைக் கடந்து உள்ளே போகிறாள்.